பாஸ்வேர்டு மாத்தியும் ஸ்பாம் நிக்கல: ஒரு மெயில் ஐடி களவு போனா மொத்த சர்வரும் மாட்டாம இருக்க என்ன வழி?

வண்ணார்பேட்டை_சர்வீஸ்:

வணக்கம் அண்ணாச்சிகளே. வண்ணார்பேட்டையில சின்னதா ஒரு கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வச்சிருக்கேன். கூடவே ஒரு விபிஎஸ் (இன்டர்நெட்டுல உள்ள சர்வர்) வாடகைக்கு எடுத்து, மெயில் அனுப்ப போஸ்ட்ஃபிக்ஸ், பெட்டிக்கும் லாகினுக்கும் டவ்காட், ப்ரவுசர்ல பாக்க ரவுண்ட்கியூப் போட்டு நம்ம பக்கத்து ஆட்கள் சிலருக்கு மெயில் ஓட்டுறேன். கல்லிடைக்குறிச்சியில ஒரு அப்பளக் கம்பெனி, பத்தமடைப் பாய் வெளிநாட்டுக்கு அனுப்புற ஒருத்தர், பேட்டையில ஒரு ரைஸ் மில், பாளையங்கோட்டையில ஒரு ஸ்கூல், ஒரு ஆடிட்டர் ஆபீஸ். எல்லா டொமைனும் ஒரே ஐபி வழியாத்தான் வெளிய போகுது. சர்வரை முந்தி பாத்துக்கிட்டிருந்தவர் கோயம்புத்தூர் போயிட்டதால என் கைக்கு வந்தது. கான்ஃபிக் எல்லாம் அவர் போட்டது.

வெள்ளிக்கிழமை ராத்திரி ரைஸ் மில் அக்கவுண்ட்ஸ் ஐடி எவன் கையிலயோ சிக்கிருச்சு. சனிக்கிழமை காலையில ஆடிட்டர் ஆபீஸ்ல இருந்து போன். "ஜிமெயிலுக்கு ஒண்ணுமே போக மாட்டேங்குது, ரிட்டர்ன் கட்டுற நேரத்துல இப்படிப் பண்றீங்களே"ன்னு சத்தம். கியூவை, அதாவது வெளிய போகக் காத்திருக்கிற மெயில் வரிசையைப் பாத்தா 40,000-த்துக்கு மேல நிக்குது. ஜிமெயில் 421 4.7.28-ன்னு, அதாவது உங்க ஐபியில இருந்து ஸ்பாம் ரொம்ப வருதுன்னு திருப்புது. ஸ்பாம் அனுப்புற ஐபிகளைக் குறிச்சு வைக்கிற ஸ்பாம்ஹாஸ் பட்டியல்லயும் ஐபி ஏறியாச்சு. அனுப்புநர் பேர் ஒவ்வொண்ணும் ஒரு தினுசு, நான் கேள்விப்படாத டொமைன் எல்லாம் இருக்கு. ஆனா லாக்ல சாஸ்ல் யூசர்நேம் (லாகின் பண்ணுன பேர்) ஒண்ணே ஒண்ணுதான்: ரைஸ் மில். பாஸ்வேர்டு என்ன வச்சிருந்தீங்கன்னு கேட்டா, மில் பேரு, ஒரு அட் குறி, வருஷம்.

உடனே பாஸ்வேர்டை மாத்திட்டேன். இருந்தும் போய்க்கிட்டே இருக்கு. இது எப்படின்னு புரியல. ரெண்டாவது, இனிமே ஒருத்தர் ஐடி போனா அவரோட நிக்கணும், மத்தவங்க மெயில் நிக்கக் கூடாது. தப்பான பாஸ்வேர்டு அடிக்கிற ஐபியைத் தடுக்கிற ஃபெயில்2பேன் ஏற்கனவே ஓடுது. "பெரிய கம்பெனி மெயிலுக்கு மாறுங்க"ன்னு மட்டும் சொல்லாதீங்க. தலைக்கு இவ்வளவுன்னு மாசாமாசம் காசு கேட்டா இவங்கள்ல பாதிப் பேர் ஓடிருவாங்க.

---

தென்காசி_நெட்:

இந்தியா தவிர மத்த நாட்டு ஐபி எல்லாத்தையும் 587-ல (லாகின் பண்ணி மெயில் அனுப்புற போர்ட்) அடைச்சிருங்க. ஃபெயில்2பேன்ல மூணு தப்புக்கு ஒரு வாரம் தடை போடுங்க. இது ரெண்டையும் செஞ்சாலே முக்கால்வாசித் தொல்லை போயிரும். நாங்க அப்படித்தான் ஓட்டுறோம்.

---

குறுக்குத்துறை_படித்துறை:

தம்பி, மொதல்ல இப்ப ஏன் நிக்கலங்கிறதப் பாப்போம். ஆடிட்டர் கத்துதாருல்லா, அதான் அவசரம்.

கியூவுல ஏற்கனவே ஏறிக்கிட்ட மெயிலுக்கும் பாஸ்வேர்டுக்கும் ஒரு சம்பந்தமும் கெடயாது. போஸ்ட்ஃபிக்ஸ் நீங்க ஒண்ணும் மாத்தலன்னா 5 நாள் வரைக்கும் விடாம அனுப்பிப் பாக்கும். அடுத்தது, பழைய பாஸ்வேர்டுல லாகின் ஆகி இன்னும் தொறந்து கெடக்கிற கனெக்‌ஷன். சர்வர் ஒரு தடவதான் பாஸ்வேர்டு கேக்கும், பொறவு அந்தக் கனெக்‌ஷன் அறுற வரைக்கும் அவன் வச்சதுதான் சட்டம். ரீலோடு குடுத்தா அந்த ப்ராசஸ் கையில உள்ளத முடிச்சிட்டு ஆற அமரத்தான் போகும். அதனால போஸ்ட்ஃபிக்ஸ நிப்பாட்டிட்டு மறுபடி கெளப்புங்க. டவ்காட்ல ஆத் கேஷ் (சரின்னு பாத்த பாஸ்வேர்ட கொஞ்ச நேரம் ஞாபகம் வச்சிருக்கிறது) போட்டிருந்தா அதையும் ஃப்ளஷ் பண்ணிருங்க. இல்லன்னா பழைய பாஸ்வேர்டும் கொஞ்ச நேரம் செல்லுபடியாகும்.

கியூவ மொத்தமா அழிச்சிராதிய. அந்தக் குப்பைக்குள்ளதான் ஆடிட்டர் மெயிலும் ஸ்கூல் மெயிலும் கெடக்கு. எல்லாத்தையும் தூக்கி ஹோல்டுல போடுங்க, நீங்க விடுற வரைக்கும் அது நகராது. பொறவு லாக்ல ரைஸ் மில் யூசர்நேம் வார வரியில கியூ ஐடி இருக்கும், அத மட்டும் பொறுக்கி அழிங்க. அனுப்புநர் முகவரிய வச்சுத் தேடுனா பாதிகூட மாட்டாது, அது அவன் இஷ்டத்துக்கு எழுதுனது. மெய்லர் டீமன் பேர்ல வெளிய போகக் காத்துக்கெடக்கிற பவுன்ஸையும் ("மெயில் போகல"ன்னு அனுப்புநருக்குத் திரும்பிப் போற தகவல்) அழிச்சிரணும். அதெல்லாம் எவனோ ஒரு அப்பாவி முகவரிக்குத்தான் போவும், அதுக்கும் நம்ம ஐபிதான் ஏச்சு வாங்கும். மீதிய ஹோல்டுல இருந்து விடுங்க. இதெல்லாம் முடிஞ்சு, லாக் அமைதியான பொறவுதான் ஸ்பாம்ஹாஸ்ல எடுக்கச் சொல்லி எழுதணும். அவுக காசு கேக்க மாட்டாவ. ஆனா இங்க ஸ்பாம் ஒழுகிக்கிட்டு இருக்கும்போதே எழுதி, எடுத்த மறுநாளே திரும்ப ஏறுனா அடுத்த தடவ லேசுல எடுக்க மாட்டாவ.

சரி, இனி வராம இருக்க என்ன வழின்னு கேட்டியள்ளா. தென்காசித் தம்பி சொன்னதுல குத்தம் ஒண்ணும் இல்ல, ஆனா அது இந்தக் களவுக்கு மருந்து இல்ல. ஃபெயில்2பேன் கண்ணுல லாகின் தோத்தாத்தான் படும். உங்க ஆளு சரியான பாஸ்வேர்டோடல்லா வந்திருக்கான்! வேணும்னா லாக்கப் பின்னால போயிப் பாருங்க. வெள்ளிக்கிழமைக்கு முந்தி எப்பவாவது ஐமேப்ல (மெயில் படிக்கிற வழி) ஒரே ஒரு லாகின் புது ஐபியில இருந்து வந்துட்டு சத்தமில்லாமப் போயிருக்கும். பாஸ்வேர்டு வேலை செய்யுதான்னு பாத்துட்டு, வாரக்கடைசி ராத்திரிக்குன்னு வச்சிருப்பான். யாரும் பாக்காத நேரம்னு அவனுக்குத் தெரியும்.

பாஸ்வேர்டு போகத்தான் செய்யும். "உங்க மெயில்பாக்ஸ் நெறஞ்சிட்டு, இங்க அமுக்குங்க"ன்னு வந்த லிங்க்ல மில் கணக்கப்பிள்ளை பாஸ்வேர்ட அடிச்சிருப்பாரு. இல்லன்னா வேற எந்த வெப்சைட்டுலயோ அதே பாஸ்வேர்ட வச்சிருந்து அங்கன இருந்து கசிஞ்சிருக்கும். ப்ரவுசர்ல சேத்து வச்சதச் சுரண்டிட்டுப் போற வைரஸும் உண்டு. அந்த கம்ப்யூட்டர சுத்தம் பண்ணாம புது பாஸ்வேர்டு குடுத்தா அதுவும் சாயங்காலத்துக்குள்ள போயிரும். இதையெல்லாம் நூத்துக்கு நூறு யாராலயும் தடுக்க முடியாது. அதனால நான் எப்பவும் வேற கோணத்துல யோசிப்பேன்: திருடன் உள்ள வந்தாலும் கைப்பை கொள்ளுற அளவுதான் எடுக்கணும், லாரிய கொண்டாந்து நிப்பாட்டக் கூடாது. ஒரு மணி நேரத்துல 50 பேருக்கு மேல அனுப்ப முடியாத அக்கவுண்ட் ஸ்பாமருக்கு எதுக்காவும்? அவனே விட்டுட்டுப் போயிருவான்.

லிமிட்னு தேடுனா மொதல்ல கண்ணுல படுறது போஸ்ட்ஃபிக்ஸ் கூடவே வார ஆன்வில். அது ஐபிக்குத்தான் கணக்கு வைக்கும். ஸ்பாமர் ஒரே பாஸ்வேர்ட வச்சுக்கிட்டு ஊர் உலகத்து ஐபியில எல்லாம் இருந்து ஒவ்வொண்ணுலயும் நாலஞ்சு அனுப்புவான். ஆன்வில் வாயே தொறக்காது. நமக்கு வேண்டியது லாகின் பேருக்குக் கணக்கு. போஸ்ட்ஃபிக்ஸ் தானா அதச் செய்யாது, ஆனா பாலிசி சர்வீஸ்கிட்ட, அதாவது விடவா தள்ளவான்னு முடிவு சொல்லுத தனி ப்ரோக்ராம்கிட்ட, ஒவ்வொரு தடவையும் சாஸ்ல் யூசர்நேமச் சொல்லிக் கேக்கும். அந்தப் பக்கம் போஸ்ட்எஃப்டபிள்யூடி வைக்கலாம், பாலிசிடி வைக்கலாம். ஸ்பாம் வடிகட்டுத ஆர்ஸ்பாம்டி ஏற்கனவே ஓடுனா அதுலயே ரேட்லிமிட் மாட்யூல் இருக்கு, யூசருக்குன்னு ஒரு வரி எழுதுனாப் போதும்.

எண்ண வேண்டியது மெயில இல்ல, பெறுநர. ஒரே மெயில்ல பிசிசி-ல 500 பேரப் போட்டு அனுப்புவான், மெயில் கணக்குல அது ஒண்ணுதான். பாலிசி சர்வீஸுக்கு பெறுநர் எண்ணிக்கை டேட்டா கட்டத்துலதான் (பெறுநர் பேரெல்லாம் சொல்லி முடிச்ச பொறவு) ஒழுங்கா வரும், அதுக்கு முந்தி கேட்டா சைபர்னு சொல்லும். ரெசிபியண்ட் கட்டத்துல வச்சா ஒவ்வொரு முகவரிக்கும் ஒரு தடவ கேக்கும், அப்ப நீங்களா ஒண்ணு ஒண்ணா கூட்டிக்கணும். எப்படிச் செஞ்சாலும் சரி, ரெண்டையும் கொழப்பிராதிய. ஒரு மெயிலுக்கு 1000 பேர் வரைக்கும் விடுத மாதிரிதான் போஸ்ட்ஃபிக்ஸ் வருது. அப்பளக் கம்பெனிக்கு எதுக்கு வே 1000? 100-க்குக் கொறைங்க. அதுக்குக் கீழ போகண்டாம், மெயில் அனுப்புதலுக்கான விதிமுறை ஆர்எஃப்சி 5321 கொறஞ்சது 100 பேரயாவது ஏத்துக்கணும்னு சொல்லுது.

இன்னொண்ணு, ரைஸ் மில் லாகின்ல வந்தவன் கண்ட டொமைன் பேர்லயும் அனுப்பியிருக்கான்னா உங்க சர்வர்ல செண்டர் லாகின் மேப் போடவே இல்லன்னு அர்த்தம். எந்த லாகின் எந்த முகவரியா அனுப்பலாம்னு ஒரு பட்டியல் எழுதி, பொருந்தலன்னா தள்ளுன்னு ஒரு வரி போடணும். இது என்வலப் முகவரியத்தான் (சர்வர்கிட்ட சொல்லுத அனுப்புநர் முகவரி) பாக்கும், மெயிலுக்குள்ள தெரியுத ஃப்ரம் வரியப் பாக்காது. ஆனாலும் பாதி ஸ்பாம் ஸ்கிரிப்ட் இதுலயே முட்டிக்கிட்டு நிக்கும். 25-ம் போர்ட்ல லாகினே வேண்டாம், அங்க லாகின் வசதிய மட்டும் அடைச்சிருங்க. ஆட்கள் 587 இல்ல 465 வழியா வரட்டும்.

வெப்மெயிலப் பாத்தியளா? ரவுண்ட்கியூப் அதே சர்வர்லதான ஓடுது? அது 127.0.0.1-ல இருந்து, அதாவது அதே சர்வருக்குள்ள இருந்து, லாகின் இல்லாம அனுப்புனா லாகின் பேருக்கு வச்ச லிமிட் அதத் தொடாது. போயிப் பாத்துட்டுச் சொல்லுங்க.

---

மேலப்பாளையம்_ஷார்ஜா:

தென்காசி அண்ணே, நாட்ட அடைக்கிறது பேச நல்லாருக்கும். எங்க மாமா கடை மெயில நான் ஷார்ஜால இருந்துதான் பாக்குறேன். மேலப்பாளையம், ஏர்வாடி, கடையநல்லூர்னு எந்த ஊர்ல கேட்டாலும் வீட்டுக்கு ஒருத்தன் கல்ஃப்ல இருப்பான், கணக்கு வழக்கு பாதி இங்க இருந்துதான் நடக்குது. போன வருஷம் எங்க மெயில் கம்பெனி சொல்லாமக் கொள்ளாம வெளிநாட்டு லாகின அடைச்சிட்டு, மூணு நாள் இன்வாய்ஸ் அனுப்ப முடியாம நாங்க பட்ட பாடு! யார் யாருக்கு வெளிநாடு வேணும்னு கேட்டு அவங்களுக்கு மட்டும் தொறந்து வச்சா ஒத்துக்கலாம்.

---

தென்காசி_நெட்:

அதுவும் சரிதான். டவ்காட்ல ஒவ்வொரு யூசருக்கும் எந்த நெட்வொர்க்ல இருந்து வரலாம்னு தனியாக் குடுக்க வழி இருக்கு, அலோ நெட்ஸ்னு பேரு. ஸ்கூல் ஆபீஸ் மாதிரி ஒரே எடத்துல உக்காந்து பாக்கிறவங்களுக்கு அது போதும். ஆனா ஃபிக்ஸட் ஐபி இல்லாத லைன்னா சிக்கல்தான்.

---

வண்ணார்பேட்டை_சர்வீஸ்:

குறுக்குத்துறை அண்ணாச்சி, கோடி நன்றி. நிப்பாட்டிக் கெளப்புன உடனே அடங்கிருச்சு. கியூவையும் நீங்க சொன்ன மாதிரி லாக்ல இருந்து ஐடி எடுத்துச் சுத்தம் பண்ணிட்டேன். ஸ்பாம்ஹாஸ் எடுத்துட்டாங்க. ஜிமெயில் மட்டும் இன்னும் மெதுவாத்தான் வாங்குது.

வெப்மெயில் விஷயம் அப்படியே இருந்துச்சு. ரவுண்ட்கியூப் லாகின் இல்லாம நேரா 25-ல போட்டுக்கிட்டிருந்தது, கட்டுப்பாட்டு வரிசையில, நம்ம சொந்த ஐபின்னா கேக்காம விடுங்கிற பெர்மிட் மைநெட்வொர்க்ஸ் முதல் ஆளா உக்காந்திருந்தது. அதுக்குப் பின்னால என்ன பாலிசி வச்சாலும் அங்க வரைக்கும் வராதுன்னு இப்பத்தான் புரியுது. இப்ப ரவுண்ட்கியூப்பை 587-ல அந்தந்த யூசர் பேர்லயே லாகின் பண்ணி அனுப்ப வச்சு, பாலிசியை மைநெட்வொர்க்ஸுக்கு முன்னால கொண்டு வந்துட்டேன்.

லிமிட் எவ்வளவு வைக்கிறதுன்னுதான் தெரியல. எல்லாருக்கும் மணிக்கு 50-ன்னு வச்சேன். பாய்க்காரர் நேத்து ராத்திரி பத்து மணிக்குப் போன் பண்றாரு. பங்குனி உத்திரத்துக்கு சாஸ்தா கோவில் வரி விவரத்தை பங்காளிக எல்லாருக்கும் அனுப்பியிருக்காரு, பாதிப் பேருக்குப் போயி பாதிப் பேருக்குப் போகல. "சென்னையில இருக்கிற சித்தப்பா மகனுக்குப் போகல, வேணும்னே விட்டுட்டேன்னு சண்டை வருது"ங்கிறாரு. அப்பளக் கம்பெனி திங்கக்கிழமை விலைப்பட்டியல் அனுப்பும், அது 300 கடைக்குப் போகும். ஸ்கூல் பரீட்சை நேரத்துல எல்லா பெற்றோருக்கும் அனுப்புவாங்க. லிமிட்டை ஏத்துனா திருடனுக்கு லாபம், எறக்குனா எனக்கு ஏச்சு.

---

குறுக்குத்துறை_படித்துறை:

சாஸ்தா கோவில் வரில கைய வச்சா வேற எதுவும் வேண்டாம், ஊர்ல நடமாட முடியாது!

லிமிட்ட மனசுல தோணுனபடி வைக்காம லாக்க எடுத்து எண்ணுங்க. கையில லாக் இருக்கிற வரைக்கும் ஒவ்வொரு லாகினும் ஒரு மணிக்கு, ஒரு நாளைக்கு அதிகபட்சம் எத்தன பேருக்கு அனுப்பியிருக்குன்னு ஒரு சின்ன ஸ்கிரிப்ட் சொல்லிரும். நீங்க பாக்கப் போறது என்னன்னா, முக்கால்வாசிப் பேரு நாளைக்கு 20 தாண்டவே மாட்டாவ. மில்லு, ஆடிட்டர் ஆபீஸ் கிளார்க், ஸ்கூல் வாத்தியாரு எல்லாம் இந்த ரகம். அவுகளுக்கு 50 தாராளம். அப்பளக் கம்பெனியில விலைப்பட்டியல் அனுப்புத ஐடி ஒண்ணுதான, அதுக்கு மட்டும் மணிக்கு 400-ன்னு எழுதுங்க. முதலாளி ஐடிக்கு வேண்டாம். "முதலாளிக்குக் கூட்டி வைங்க"ன்னு கேப்பாவ, ஒத்துக்கிடாதிய. அவரு பாஸ்வேர்டுதான் ஆபீஸ்ல எல்லாருக்கும் தெரிஞ்ச பாஸ்வேர்டு. ஸ்கூல்காரங்கள மெயில் அனுப்பண்டாம்னு சொல்லி ஒரு மெய்லிங் லிஸ்ட் சாஃப்ட்வேர் பக்கம் தள்ளிவிடுங்க. அதுக்கு வேற ஐபி குடுக்க முடிஞ்சா இன்னும் நிம்மதி.

லிமிட் தாண்டுனா என்ன செய்யணும்ங்கிறதுதான் முக்கியம். உங்க செட்டப்புல 4xx-ன்னு (இப்ப முடியாது, பொறவு வா) திருப்புது போல. பாய்க்காரருக்குப் பாதி போயி பாதி நின்னது அதனாலதான். நான் திருப்ப மாட்டேன், ஹோல்டுல போட்டுருவேன். அனுப்புனவருக்குப் போயிட்ட மாதிரி இருக்கும், மெயில் நம்ம கியூவுல பத்திரமா உக்காந்திருக்கும். எனக்கு உடனே போன்ல ஒரு மணி அடிக்கும். எடுத்துப் பாத்தா "சாஸ்தா கோவில் வரி"ன்னு சப்ஜெக்ட், பெறுநர் எல்லாம் நம்ம ஊர்ப் பேரு. ஹோல்ட எடுத்தாச்சு, பங்காளி சண்டை கெடயாது. வேற மாதிரி இருந்தா அங்கனயே அக்கவுண்ட்ட பூட்டிட்டு அந்தாளுக்குப் போன் போடுவேன். ஸ்பாமருக்கும் இதுல ஒரு கூத்து உண்டு. திருப்பி அனுப்புனா அவன் அடுத்த திருட்டு அக்கவுண்ட்டுக்குத் தாவிருவான். ஹோல்டுல போட்டா எல்லாம் போகுதுன்னு நெனச்சுக்கிட்டு சர்வருக்குள்ள கொட்டிக்கிட்டே இருப்பான், வெளிய ஒண்ணும் போகாது.

இதுக்கும் தப்புத கூட்டம் ஒண்ணு இருக்கு. மணிக்கு 30, 40-ன்னு மெதுவா அனுப்புவான், லிமிட்டத் தொடவே மாட்டான். அவனப் புடிக்க பவுன்ஸ எண்ணுங்க. ஸ்பாம் பட்டியல்ல பாதி செத்த முகவரி, 550 5.1.1-ன்னு (அப்படி ஒரு முகவரியே இல்ல) திரும்பி வந்துக்கிட்டே இருக்கும். கல்லிடைக்குறிச்சி அப்பளக்காரரு தனக்குத் தெரிஞ்ச கடைக்குத்தான் அனுப்புதாரு, அவருக்கு நூத்துல ஒண்ணு ரெண்டு திரும்புனா பெரிசு. ஒரு லாகினுக்கு நூத்துக்கு 20 திரும்புதுன்னா அது மனுசன் கையில இல்ல. அப்புறம் ஒரு மணி நேரத்துல ஒரே லாகின் எத்தன வேற வேற ஐபியில இருந்து வந்திருக்குன்னு பாருங்க. ஷார்ஜா தம்பிக்கு ஆபீஸ் ஐபி, செல்போன் ஐபின்னு ரெண்டு மூணு இருக்கும். பத்து நாட்டுல இருந்து ஒரே நேரத்துல வந்தா ஜோசியம் பாக்க வேண்டாம். நாட்ட அடைக்காம நாடுகள எண்ணுங்கன்னுதான் சொல்லுதேன், தென்காசித் தம்பிக்கும் சேத்துத்தான்.

---

சுரண்டை_ஆபீஸ்:

ஓரமா நின்னு படிச்சிக்கிட்டிருந்தேன். எங்க ஆபீஸ்லயும் இப்படி ஒரு ஐடி போச்சு, ஆனா ஸ்பாம் எதுவும் போகல. உள்ள இருந்து இன்வாய்ஸ் மெயிலப் படிச்சு, வாங்குறவருக்கு "பேங்க் அக்கவுண்ட் மாறிருச்சு"ன்னு அனுப்பிட்டான். லிமிட் வச்சா இதப் புடிக்குமா?

---

குறுக்குத்துறை_படித்துறை:

புடிக்காது. ஒரே ஒரு மெயில்ல சோலி முடிஞ்சிருது. ஸ்பாமராவது சத்தம் போட்டுக் காட்டிக்குடுப்பான், இவன் பூனை கணக்கா இருப்பான். இதுக்குப் புது ஐபி லாகின் வந்தா அந்தாளுக்கே ஒரு தகவல் போற மாதிரி வைக்கணும், வெப்மெயிலுக்கு ஓடிபி போடணும், போன்ல அவுட்லுக்ல பாக்கிறவங்களுக்குத் தனித்தனி ஆப் பாஸ்வேர்டு குடுக்கணும். ஐடி போனதுன்னு தெரிஞ்ச உடனே சீவ் ரூல்ஸத் (வார மெயில தானா பிரிக்கிற விதிகள்) தொறந்து பாருங்க. வார மெயில எல்லாம் வெளிய ஒரு முகவரிக்குத் திருப்பிவிடுத ரூல் ஒண்ண எழுதி வச்சிருப்பான். பாஸ்வேர்ட மாத்துனாலும் அது பாட்டுக்கு வேலை செய்யும். வண்ணார்பேட்டைத் தம்பி, ரைஸ் மில் ஐடில இதப் பாத்தாச்சா? பணம் போயிருந்தா தாமதிக்காம சைபர் மோசடிப் புகாருக்கான 1930-க்குப் போன் பண்ணணும், நேரம் ஆக ஆக அடுத்தடுத்த அக்கவுண்ட்டுக்கு மாத்திருவானுவ.

லாக்கையும் அழிய விடாதிய. டெபியன், உபுண்டுல மெயில் லாக் 4 வாரத்துல சுழண்டு போயிரும். 2022 ஏப்ரல்ல செர்ட்-இன் (சைபர் பாதுகாப்பு பாக்கிற மத்திய அரசு அமைப்பு) போட்ட உத்தரவுப்படி 180 நாள் லாக் வச்சிருக்கணும், இந்த மாதிரி சம்பவம்னா தெரிஞ்ச 6 மணி நேரத்துக்குள்ள அவுகளுக்குச் சொல்லணும். சின்னக் கடைக்கு எதுக்குன்னு தோணும். ஆனா போலீஸ்ல கேக்கும்போது கையில லாக் இல்லன்னா அந்த மெயில அனுப்புனது நீங்க இல்லன்னு எத வச்சுக் காட்டுவிய?

---

வண்ணார்பேட்டை_சர்வீஸ்:

சீவ் ரூல் பாத்தேன் அண்ணாச்சி. ஒண்ணு இருந்துச்சு. பேரே வைக்காம வெறும் புள்ளி, "பேமெண்ட்"னு வர்றத எல்லாம் ஏதோ ஒரு ஃப்ரீ மெயில் முகவரிக்குத் திருப்பிவிட்டு, படிச்சதா குறிச்சு ட்ராஷுக்குத் தள்ளிக்கிட்டிருந்தது. எடுத்துட்டேன். மத்த எல்லா ஐடியிலயும் வெளிய திருப்புற ரூல் இருக்கான்னு இப்ப ஒரு ஸ்கிரிப்ட் ஓடிக்கிட்டிருக்கு. ரைஸ் மில்காரர்கிட்ட அந்தத் தேதியில இருந்து வர வேண்டிய பணம் எல்லாம் வந்துச்சான்னு பாக்கச் சொல்லியிருக்கேன்.

ஹோல்டுக்கு மாத்தியாச்சு. பாய்க்காரர் மீதிப் பங்காளிகளுக்கு இன்னைக்குத் திரும்ப அனுப்புனாரு, போன்ல மணி அடிச்சது, பாத்து விட்டுட்டேன்.